‘விளக்குக’ வேறு, ‘ஆராய்க’ வேறு
தேர்வுக் கேள்விகளின் கடைசியில் வரும் சொற்களைப் பற்றி ஒருவர், “விளக்குக, விமர்சன நோக்கில் ஆராய்க எல்லாம் ஒன்றுதான், தெரிந்ததைக் கொட்டினால் மார்க் வரும்” என்கிறார். யூபிஎஸ்சி மெயின்ஸில் (ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கான தேர்வின் விரிவாக எழுதும் கட்டத்தில்) இது சரிவராது.

பசுமைப் புரட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘விளக்குக’ என்றால் வீரிய விதை, உரம், பாசனம் மூன்றும் சேர்ந்து விளைச்சலை எப்படிக் கூட்டின என்று சொன்னால் போதும். ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்றால் கோதுமை பெருகியதையும், பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கியதையும் எடைபோட்டு, நம் தீர்ப்பையும் எழுத வேண்டும். அந்தத் தீர்ப்பைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள் (நானும் விட்டிருக்கிறேன்).

அப்புறம், பொது அறிவுத் தாள்களில் 10 மதிப்பெண்ணுக்கு 150 சொல், 15 மதிப்பெண்ணுக்கு 250 சொல்தான். கொட்ட இடம் எங்கே இருக்கிறது? 1000 சொல்லுக்கு மேல் எழுதும் கட்டுரைத் தாள் தனி.