மலையை உடைத்துவிட்டுச் சிலையைக் காப்பாற்றுகிறோம்

பாண்டிச்சேரியில் கல் கிடையாது. கடலூரிலும் கிடையாது. எங்கே தோண்டினாலும் மணல், களிமண், மறுபடியும் மணல். கேப்பர் மலை இருக்கிறதே என்பீர்கள். பெயர்தான் மலை, உண்மையில் அது செம்மேடு. புவியியலாளர்கள் அந்தப் பாறைக்குக் 'கடலூர் மணற்கல்' என்று எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள், பெருமைதான். ஆனால் ஒரு துண்டை எடுத்து விரலால் நெருடினால் உதிர்ந்துவிடும். அதில் ஒரு பிள்ளையாரைக்கூடச் செதுக்க முடியாது.

ஆகவே இந்தக் கடற்கரையில் கண்ணில் படும் கருங்கல் ஒவ்வொன்றும் மேற்கிலிருந்து வந்தது. பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர் காலச் சிற்பங்கள், சிதம்பரம் கோபுர வாயிலில் 108 கரணங்களையும் ஆடிக்காட்டும் பெண்கள், நம் பாட்டிமார் மஞ்சள் அரைத்த அம்மி, எல்லாமே வண்டியேறி வந்த கல்தான். கல்லே இல்லாத ஊர்க்காரனுக்குக் கல்லைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். கல்லைத் தின்று தீர்ப்பவர்கள் நாம்தானே, நாம் பேசாமல் வேறு யார் பேசுவது என்பது என் கட்சி.

பேச வைத்தவர் ஒரு நண்பர். குடும்பத்தோடு மண்டகப்பட்டு போய்விட்டு வந்து ஒரு படம் போட்டிருந்தார். "நாலு தூண், இரண்டு காவல்காரர்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பேசாமல் மாமல்லபுரமே போயிருக்கலாம்." அதற்கு ஏகப்பட்ட சிரிப்புக் குறிகள் வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது மண்டகப்பட்டு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையில் குடைந்த கோயில், அதாவது குடைவரை. அவன் குடைந்தவற்றுள் இதுவே முதலாவது என்று கருதுகிறவர்கள் பலர். அங்கே கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இந்த இடத்தை உண்டாக்கினான் என்பது அதன் செய்தி. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களில் ஒன்று. வழக்கமாக ராஜாக்கள் என்ன கொடுத்தோம் என்று கல்லில் வெட்டுவார்கள்: இத்தனை கழஞ்சு பொன், இத்தனை ஆடு, இத்தனை வேலி நிலம். இந்த ஒருவன்தான் எதையெல்லாம் பயன்படுத்தவில்லை என்று பட்டியல் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டான். அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் இந்தப் பகுதியில் கோயில் என்றால் செங்கல்லும் மரமும் சுண்ணாம்பும்தான். மழை, கரையான், தீ, இவற்றில் ஏதாவது ஒன்று ஒருநாள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

நண்பர் சொன்ன அந்த நாலு தூணுக்கு வருகிறேன். கீழே சதுரம், நடுவே எட்டுப்பட்டை, மேலே மறுபடியும் சதுரம். அதற்கு மேல் போதிகை என்னும் தாங்குகட்டை, போதிகைக்கு மேல் உத்திரம். கட்டடக் கோயிலாக இருந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு: உத்திரத்தின் பாரத்தைப் போதிகை வாங்கித் தூணுக்குக் கொடுக்கும், தூண் தரைக்குக் கொடுக்கும். இங்கே அடுக்கியது எதுவுமே இல்லை. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே பாறை. அப்படியிருக்க உத்திரம் எதற்கு, போதிகை எதற்கு? மரத்தில் செய்து பழகிய கை கல்லிலும் அதையே செய்தது. மரமில்லாமல் கட்டினேன் என்று மன்னன் மார்தட்டுகிறான். அவனுடைய ஆட்கள் மரவேலையைக் கல்லில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பீகாரில் பராபர் மலையின் லோமச ரிஷி குகை வாயிலில் மர வளைவை அப்படியே பாறையில் வடித்திருப்பதும் இதே பழக்கம்தான். புதுப் பொருளைக் கையில் எடுத்த முதல் தலைமுறை பழைய பொருளின் வடிவத்தை அவ்வளவு எளிதில் விடாது. எனக்கு மண்டகப்பட்டில் பிடித்ததே இந்த இடம்தான். மாமல்லபுரத்தில் இந்தத் தயக்கம் இல்லை, எல்லாம் கைவந்துவிட்டது.

கட்டடம் கட்டுகிறவன் சேர்த்துக்கொண்டே போகிறான். குடைவரை செய்கிறவன் எடுத்துக்கொண்டே போகிறான். கட்டுகிறவன் தப்பாக வைத்த கல்லைக் கழற்றி வேறு கல் வைக்கலாம். குடைகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. துவாரபாலகனின் தோளில் ஒரு சில்லு கூடுதலாகப் பெயர்ந்தால் போனது போனதுதான். மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட குடைவரைகளைப் பாருங்கள், வேலையின் வழிமுறை அப்படியே தெரியும். பாறை முகத்தில் சதுரம் சதுரமாகப் பள்ளக் கோடு இழுத்து, நடுவில் நிற்கும் கட்டியைத் தட்டி எடுத்து, மறுபடியும் கோடு, மறுபடியும் தட்டு. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலும் இன்னும் ஒரு படி மேலே: உச்சியில் ஆரம்பித்துக் கீழே இறங்கிய வேலை. கலசம் முதலில், அடித்தளம் கடைசியில். வெட்டுவான் கோயிலில் அடித்தளம் வரை வராமலே நின்றுபோயிற்று.

இந்த மகேந்திரவர்மன் கடலூருக்கு அந்நியன் அல்ல. அப்பர் பெருமானைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளச் சொன்ன மன்னன் இவன்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கொள்ளும் முடிவு. கல் தெப்பமாக மிதந்து அவர் கரையேறிய இடம் என்று எங்கள் ஊரில் கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. பிறகு மன்னன் மனம் மாறிச் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்பது பெரியபுராணச் செய்தி. பாடலிபுத்திரம் என்றால் இன்றைய திருப்பாதிரிப்புலியூர். ஒரே ஆளைப் பற்றி மேற்கே பாறையில் ஒரு கதை, கிழக்கே கடலில் ஒரு கதை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கடல் கதையை மட்டும் சொன்னார்கள். அறுபது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அவன் கையெழுத்தே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குடைவரையில் மலைதான் கட்டடம். இதை ஒப்புக்கொண்டால் அடுத்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சிற்பத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டு, அதே மலைத்தொடரை ஜல்லியாக்க அனுமதிப்பது பாதுகாப்பு ஆகாது.

வில்லியனூர் போகும் சாலையோரம் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தி விற்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் அவர் கல் தேர்ந்தெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் சுத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டு. கணீரென்று சத்தம் வந்தால் அடுத்த சோதனை. மொத்தையாக வந்தால் கல் ஓரமாகப் போய்விடும். பிறகு ஒரு செம்பு தண்ணீரை மேலே தெளித்துவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொண்டார். ஈரம் மெல்லக் காய்ந்து கல் வெளுத்துக்கொண்டு வந்தது. ஓரிடத்தில் மட்டும் நூல் பிடித்ததுபோல ஒரு கருங்கோடு காயாமல் நின்றது. "பாருங்கள் தம்பி, மயிரிழை ஓடியிருக்கிறது. வெடி வைத்து எடுத்த கல். இதில் அம்மி கொத்தலாம், சிலைக்குத் தொடமாட்டோம். மூக்கு வைக்கும் நேரத்தில் பிளந்துகொண்டு கையில் வரும்" என்றார்.

வெடி வைத்த கல்லில் மயிரிழை ஓடும் என்பது அம்மி கொத்துகிறவருக்குத் தெரிகிறது. குடைவரை இருக்கும் பாறைக்கும் வெடி வைக்கும் பாறைக்கும் நடுவே இயற்கை சுவர் எதுவும் எழுப்பி வைக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். சட்டம் இதை மீட்டரில் அளக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. குவாரி விதிகளிலும் தூரக் கணக்குதான். தெருவில் இருக்கும் கட்டடக் கோயிலுக்கு இந்த அளவு பொருந்தலாம். ஒரே பாறையாக ஓடும் மலைக்கு, நாடா வைத்து அளந்த வட்டம் எப்படிப் பொருந்தும்?

இதில் நம் பங்கு என்ன என்று தெரிய வேண்டுமானால் பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போனால் போதும். காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன, செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. 1750இல் செஞ்சிக்கோட்டை அவர்கள் கைக்கு வந்தது, 1761இல் போயிற்று. நடுவில் தூண்கள் கடற்கரைக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரே கல். எல்லோரும் காந்தியோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், தூணின் மேல் முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்கள். திரும்பிப் பார்க்கிறவர் அபூர்வம். அங்கிருந்து பத்தடி நடந்தால் கடலோரம் கொட்டிக் கிடக்கும் பாறைகள். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும், தெற்கிலிருந்து வடக்கே கடல் கொண்டுபோகும் மணல் தடைபட்டு, ஊரின் மணற்கரை கரைந்துபோயிற்று. அதற்கு மருந்தாகப் பாறை கொட்டினோம். ஓர் இடத்தில் கொட்டினால் கடல் அதற்கு வடக்கே அரித்தது, அங்கும் கொட்டினோம். இப்படியே குப்பம் குப்பமாக வடக்கே போயிற்று. சமீப ஆண்டுகளில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு வைத்த பிறகு காந்தி சிலைப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது என்பது தனிக்கதை.

அந்தப் பாறைகளில் ஒன்றை உற்றுப் பாருங்கள். பாதி வட்டமாக நேர்க்கோட்டில் ஒரு தடம் இருக்கும். வெடிமருந்து வைக்க இயந்திரம் துளைத்த துளை. வெடித்ததும் பாதி இந்தக் கல்லோடும் பாதி அடுத்த கல்லோடும் போய்விட்டது. எட்டுப்பட்டை பிடித்த கை ஒரு பக்கம், துளையும் வெடியும் மறுபக்கம். நடுவில் நாம் சுண்டல் வாங்கித் தின்கிறோம்.

நான் குடியிருக்கும் வீட்டின் தளமும் ஜல்லி போட்டதுதான். குவாரியில் லாரி ஓட்டும் உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள். நாளையே எல்லாக் குவாரிகளையும் மூடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் வெளுத்த வேட்டிக்காரன் அல்ல. என் வாதம் இவ்வளவுதான்: எந்த மலையில் மனிதக் கை பட்டிருக்கிறதோ அந்த மலை முழுவதையும் விட்டுவிடுங்கள். சிற்பம் உள்ள பாறை முகத்தை மட்டுமல்ல, மலையை. விழுப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவை ஒன்றிரண்டு அல்ல. தளவானூரில் மகேந்திரனின் சத்ருமல்லேசுவரம் குடைவரை. சிங்கவரத்தில் பாறையோடு பாறையாகப் படுத்திருக்கும் அரங்கநாதர். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று: ஒரே பாறையில் சமணரின் 24 தீர்த்தங்கரர்கள், கூடவே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு. கீழ்வாலையில் செங்காவி ஓவியங்கள். பெருமுக்கல்லில் தொன்மையான பாறைக் கீறல்கள். உரிமம் கொடுக்கும் முன் இந்தக் குன்றுகளில் ஏறி இறங்கித் தேடுவதற்கு ஆட்கள் வேண்டும். தேடாத மலையில் எதுவும் இல்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

செஞ்சிக்கோட்டை 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கு நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் அது போனது. நல்லது. அந்தக் கோட்டையின் பலமே சுவர் அல்ல, ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும். இருக்கும் மலைகளைச் சுவரால் கோத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மலையை எடுத்துவிட்டால் அங்கே பட்டியலில் ஏற்ற என்ன மிஞ்சும்? அந்தப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதே கணக்கில் திருவக்கரைக் கல்மரங்கள் நேற்றுப் பிறந்தவை, சுமார் 2 கோடி ஆண்டுதான். அங்கே மரத்தைக் கல்லாக்கியது இயற்கை, உளி இல்லாமல். அதற்கு வேலி போட்டுத் தேசியக் கல்மரப் பூங்கா என்று பெயரும் வைத்தோம். வேலிக்கு வெளியே அந்த வானூர் வட்டாரச் சாலையில் ஒரு மத்தியான நேரம் பைக்கில் போய்ப் பாருங்கள். லாரிப் புழுதியில் முன்னால் போகிறவர் தெரியமாட்டார்.

பாண்டிச்சேரியில் பாரம்பரியம் என்றாலே மஞ்சள் சுவரும் வெள்ளைச் சன்னலும் என்று ஆகிவிட்டது. செங்கல், சுண்ணாம்பு, 18, 19ஆம் நூற்றாண்டு. அழகுதான், குறை சொல்லவில்லை. அதற்கு நடைப்பயணம் உண்டு, வழிகாட்டிகள் உண்டு, காப்பிக்கடை உண்டு. அதே ஊரிலிருந்து பாகூர் எத்தனை தூரம்? அங்கே சோழர் கல்வெட்டும் இருக்கிறது, ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டும் இருக்கிறது. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து குவியும் கார்களில் பத்து அந்தப் பக்கம் திரும்பினால் ஆச்சரியம். பள்ளிப் பிள்ளைகளையாவது திருப்புங்கள் என்று கல்வித்துறையில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

'பத்து நிமிட' நண்பருக்கு: பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் போகிறேன். மண்டகப்பட்டு, அங்கிருந்து தளவானூர், வெயில் ஏறுவதற்குள் முடிந்தால் சிங்கவரம். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. கட்டுச்சோறு அவரவர் கொண்டுவர வேண்டும். டீ என் செலவு.