'தி ரெய்ட்': அது முவாய் தாய் இல்லைங்க, ஒரே டேக்கும் இல்லை

ஒருத்தர், "2011ல வந்த இந்தோனேசியப் படம் தி ரெய்ட்ல வர்றது தாய்லாந்து குத்துச்சண்டையான முவாய் தாய், சண்டை எல்லாம் எடிட்டிங் வெட்டே இல்லாம ஒரே டேக்ல எடுத்தது" என்று எழுதியிருக்கார். ரெண்டுமே தப்பு.

அது இந்தோனேசியாவோட தற்காப்புக் கலையான பென்சாக் சிலாட். முழங்கை, முழங்கால் ரெண்டுலயும் வர்றதால குழப்பம் வருது. ஆனா எதிராளி கையை மடக்கிப் பூட்டுறது, காலை வாரித் தரையில சாய்க்கிறது, கத்தியோட நெருங்கிப் போறது எல்லாம் சிலாட். முவாய் தாய் போட்டியில மூட்டுப் பூட்டுக்கே இடமில்லை. சில்வர் பீச் மணல்ல சிலம்பமும் குத்துவரிசையும் பழகுற கடலூர் பிள்ளைங்க, படத்துல வர்ற காலடியைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவாங்க. சண்டை அமைச்ச ஈக்கோ உவைஸ், யாயன் ருஹியான் இருவருமே சிலாட் ஆளுங்க.

எடிட்டிங் வெட்டும் நிறையவே இருக்கு. எங்கே வெட்டுறாங்க என்பதுதான் விஷயம். பல படங்கள்ல அடி விழுற நொடியில வெட்டி, கை படாததை மறைப்பாங்க. இதுல அடி விழுந்து உடம்பு சாயுற வரைக்கும் ஒரே ஷாட்ல தெரியும், அப்புறம்தான் வெட்டு. முழு உருவமும் ஃப்ரேம்ல நிக்கும். இயக்குநர் கேரத் எவன்ஸே எடிட்டரும் என்பதால வந்த துல்லியம் இது.

பலவீனமும் உண்டு. படத்துல வர்ற 20 பேர் போலீஸ் படையில பாதிப் பேருக்கு முகமே மனசுல நிக்காது, அதனால அவங்க சாவு வலிக்கலை. கூட்டச் சண்டையில அடியாட்கள் முறை வெச்சு வர்றதும் சில இடத்துல தெரியுது.