பொன்னாடை வேண்டாம், ஐந்து பிரதிகள் போதும்

நான் சிறார் நாவல் எழுதுகிறவள். நவம்பர் பிறந்தால் என் போன் ஓயாது. 14-ஆம் தேதி குழந்தைகள் தினம். அன்றிலிருந்து 20 வரை தேசிய நூலக வாரம். இந்த முறை அந்த ஏழு நாட்களுக்குள் பதினோரு பள்ளிகள் கூப்பிட்டிருக்கின்றன. என்னால் நான்குக்குத்தான் போக முடியும். மற்றவர்களிடம் ஒவ்வொருவராக வருத்தம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், பல நாளாக மனதில் கிடப்பதை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சிறார் எழுத்தாளரைப் பள்ளிக்கு அழைக்கிறீர்களா? அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போயிருக்க வேண்டும். நாற்பது பேருக்கு ஐந்து பிரதிகள் இருந்தால்கூடப் போதும், மாற்றி மாற்றிப் படித்துவிடுவார்கள். படிக்காத பிள்ளைகள் முன்னால் எழுத்தாளரைக் கொண்டுபோய் நிறுத்துவதால் யாருக்கும் பயனில்லை. ஒன்பது வருஷமாகப் பள்ளிகளுக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு பெரிய பள்ளி. மைதானத்தில் அறுநூறு பிள்ளைகள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து மைக் என் கைக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். பந்தலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேச மனம் வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு, கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "தாங்கள் எழுத்துத் துறைக்கு வரத் தூண்டுகோலாக அமைந்தது எது?" என்றான். யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த கேள்வி. நான் பதில் சொல்ல ஆரம்பித்தபோதே, மறக்காமல் ஒப்பித்துவிட்ட நிம்மதியில் பக்கத்துப் பையனிடம் திரும்பிவிட்டான். அவன் மேல் தப்பே இல்லை. என் புத்தகத்தை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என்னிடம் கேட்க அவனுக்கு என்ன இருக்கும்?

அதற்கு அடுத்த வாரமே இராமநாதபுரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அந்த ஆசிரியை ஆகஸ்டிலேயே என்னிடம் பேசி, சொந்தக் காசில் ஐந்து பிரதிகள் வாங்கி வகுப்பில் சுற்றுக்கு விட்டிருந்தார். நான் போனபோது ஒரு பிரதிக்கு அட்டையே இல்லை. இன்னொன்றை செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் படித்தவர்கள் பெயர் வரிசையாக, பென்சிலில். அந்தப் பிரதிகளைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். முதல் கேள்வியே இதுதான்.

"மிஸ், தூக்கணாங்குருவி கூடு கட்டுறப்போ பார்த்திருக்கீங்களா?"

கூட்டைப் பார்த்திருக்கிறேன், கட்டும்போது பார்த்ததில்லை என்றேன்.

"உங்க கதையில அம்மாக் குருவி கட்டுது. கட்டுறது ஆண் குருவி மிஸ். தலை மஞ்சளா இருக்குமே, அது. பாதி கட்டிட்டுக் கூப்பிடும். பொட்டை வந்து பார்க்கும். அதுக்குப் பிடிச்சாத்தான் மீதியைக் கட்டும்."

அவ்வளவுதான், வகுப்பே கிளம்பிவிட்டது. ஓலையை எப்படி நார் நாராகக் கிழித்துக் கொண்டுவரும் என்று ஒருவன் எழுந்து நடித்துக் காட்டினான். கூட்டுக்குள் ஈர மண்ணை அப்பி வைத்திருக்கும் என்றாள் ஒருத்தி. அது எதற்கு என்பதில் சண்டை. மின்மினிப் பூச்சியை ஒட்டிவைத்து வெளிச்சம் போட்டுக்கொள்ளும் என்று ஒரு கட்சி. அதெல்லாம் தாத்தா சொல்கிற கதை, காற்றில் கூடு ரொம்ப ஆடாமல் இருக்கத்தான் மண் என்று இன்னொரு கட்சி. அந்த நாற்பது நிமிஷத்தில் நான் பேசியது மிகக் குறைவு. மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது நான் "மிஸ்" இல்லை, "அக்கா" ஆகியிருந்தேன்.

இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். ஆண் குருவிதான் கட்டுகிறது இப்போது. பனங்காட்டுக்கு நடுவில் வளர்கிற பிள்ளை என் கதையைப் படித்திருக்காவிட்டால் அந்தத் தவறு அப்படியே நின்றிருக்கும்.

அன்று வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கடைசியில அப்பா திரும்பி வர்றாருல்லக்கா, வராம இருந்தா கதை முடியாதா?" என்று கேட்டாள். முடியும் என்று மட்டும்தான் அப்போது சொல்ல முடிந்தது. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவல் அவளுக்கான பதில்தான்.

மற்றபடி இந்த வாழ்க்கை ஓட்டம்தான். நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு, அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. ஒரு வாரம் மலைக்கிராமத்தில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருக்கும் பள்ளி, மறு வாரம் ஸ்மார்ட் போர்டும் ஏசியும் உள்ள பள்ளி. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அதற்கு முன்னும் பின்னும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள். இரவுப் பேருந்தில் போனிலேயே பிழை திருத்துவேன். அழ. வள்ளியப்பா வங்கி வேலை பார்த்துக்கொண்டேதான் பிள்ளைகளுக்காக எழுதினார், 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கினார். அலுப்பு வரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் நாவல் விலை 120 ரூபாய். பத்து சதவீத ராயல்டியில் பிரதிக்கு 12 ரூபாய். ஆயிரம் பிரதிகள் விற்க இரண்டு வருஷம் ஆனது. அரசுப் பள்ளிகளில் நான் எதுவும் வாங்குவதில்லை, அங்கே ஆசிரியர்கள் கைக்காசைப் போட்டுத்தான் அழைக்கிறார்கள். கட்டணம் வாங்கும் பள்ளிகளிடம் பயணச் செலவும் ஒரு தொகையும் கேட்கிறேன். புதிதாக எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளும் கேட்க வேண்டும், இதில் கூச்சமே வேண்டாம். நாம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறோம்.

அப்புறம், அந்த பீரோ. எத்தனையோ பள்ளிகளில் நல்ல புத்தகங்கள் பூட்டிய பீரோவுக்குள் இருக்கின்றன. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தொலைந்தால் நம் தலையில் விழும் என்று பயந்தால் யார்தான் எடுத்துக் கொடுப்பார்கள்? பிள்ளைகள் படித்துக் கிழிந்த புத்தகத்தைத் தயங்காமல் கழித்துவிடலாம் என்று மேலிடத்திலிருந்து தெளிவாக ஓர் உத்தரவு வர வேண்டும். நூறு எழுத்தாளர்கள் பள்ளிக்குப் போவதைவிட அந்த ஒரு உத்தரவு பெரிய வேலை செய்யும்.

நல்லதும் நடக்கிறது. 2023-ல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. அவற்றைப் படித்த வகுப்புக்குள் நுழைந்தாலே தெரிந்துவிடும். "உங்க கதையில பேய் வருமா?" என்பதில் ஆரம்பித்து, "நீங்க எழுதினதுல உங்களுக்கே பிடிக்காதது எது?" வரை கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன். அந்தப் பதிலை என் பதிப்பாளரிடம்கூட நான் சொன்னதில்லை.

சரி, இந்த வருஷம் வர முடியாத ஏழு பள்ளிகளுக்கும் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் தேதி தருகிறேன். பேனரும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வேண்டாம், அந்தக் காசில் ஐந்து பிரதிகள் வாங்கலாம். என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, உங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த எந்தச் சிறார் நாவலாகவும் இருக்கட்டும், அதைப் பற்றிப் பேசவும் வருவேன். ஒரே ஒரு வகுப்பு, நாற்பது பிள்ளைகள், ஒரு பாடவேளை. புத்தகம் எப்போது பிள்ளைகள் கைக்குப் போகும் என்ற தேதியையும் சேர்த்து உள்பெட்டியில் எழுதுங்கள். அதிலிருந்து ஒரு மாதம் கணக்குப் போட்டு நான் பயணச்சீட்டு எடுத்துக்கொள்கிறேன்.