பாண் வேண்டாம், குறுணல் போதும்

குருவிகளுக்கு இரை வைக்க, பிளாஸ்டிக் போத்தலை வெட்டிப் பாண் துண்டுகளைப் போட்டுத் தொங்கவிடச் சொல்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு செய்யச் சொன்னதற்கு நன்றி. ஆனால் பாணை நான் ஏற்கமாட்டேன். அது குருவியின் வயிற்றை நிரப்பும், சத்து மிகக் குறைவு. உப்புச் சேர்ந்த மிச்சச் சோறும் கூடாது.

ஆரையம்பதியில் எங்கள் வளவில் போத்தலுக்கு வேலையே இல்லை. தேங்காய் துருவிய சிரட்டையை மகள் தேய்த்துக் கழுவித் தருவாள். விளிம்பில் மூன்று துளைகளும், மழைநீர் வடிய அடியில் ஒன்றும் நான் போடுவேன். பிறகு தும்புக் கயிற்றில் கோத்து, பூனை பாய்ந்து எட்டாத உயரத்தில் மாமரக் கிளையில் கட்டுவோம். நைலோன் நூல் வேண்டவே வேண்டாம், குருவியின் கால் சிக்கிக்கொள்ளும். உள்ளே குறுணலும் குரக்கனும் ஒரு பிடி. நனைந்த தானியத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அன்றே கொட்டிவிட வேண்டும். பக்கத்தில் துளையில்லாத சிரட்டையில் தண்ணீர். ஆடி வெயிலில் புலுனிக் கூட்டம் முதலில் அதற்குத்தான் வருகிறது.

பெரும்போக அறுவடையின்போது என் தகப்பனார் நெற்கதிர்க் கொத்தொன்றைத் தாழ்வாரத்தில் கட்டுவார். சிட்டுக்குருவிகள் அதில் தொங்கிக்கொண்டே கொத்தும். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது.

தேன்சிட்டு தானியத்துக்கு வராது, அதற்குச் செவ்வரத்தை நடுங்கள். சிட்டுக்குருவி தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சி புழுவையே ஊட்டும். ஆகவே கத்தரிப் பாத்திக்கு மருந்து அடிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.