காட்டுக் கதவு எப்போது திறக்கும்?

இலங்கையின் தெற்கே முருகன் குடிகொண்ட கதிர்காமத்துக்குக் காட்டு வழியாக நடந்து போவது கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று தடவை நடந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த நடை கடினமே இல்லை. குமுக்கன் ஆற்று மணலில் கால் புதைவதும், நாவலடியில் தண்ணீருக்காகக் காத்து நிற்பதும், வியாழையில் இரவு முழுவதும் யானை முறிக்கும் கிளைகளின் சத்தத்தைக் கேட்டபடி கண் மூடாமல் கிடப்பதும் முருகனுக்காக நாமே விரும்பித் தலையில் ஏற்றிக்கொண்ட பாடுகள். எவரும் கேட்காமல் தலையில் வந்து விழும் பாடு ஒன்று இருக்கிறது. உகந்தை முருகன் கோவிலடிக்கு, அதாவது காட்டு நடை தொடங்கும் அந்த இடத்துக்கு, உரிய நாளில் போய்ச் சேருவதற்குத் திட்டமிடுவதுதான் அது. வருஷா வருஷம் இதைப் பொறுத்துப் பொறுத்து என் நெஞ்சு வெந்துவிட்டது.

கதிர்காமத்துக் கொடியேற்றம் 2024இல் ஜூலை 6ஆம் திகதி நடந்தது. 2025இல் ஜூன் 26ஆம் திகதி நடந்தது. சந்திரனைக் கொண்டு நாள் குறிக்கும் திருவிழா என்பதால் அது வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். சந்திரக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாகச் சேரும் அதிக மாத வருஷத்தில் ஒரேயடியாகப் பின்னே போகும். இதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. போயா எனும் பூரணை நாள்கள் முந்தைய வருஷமே அரச வர்த்தமானியில் வந்துவிடுகின்றன. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த குருக்கள் யாரைக் கேட்டாலும் அடுத்த வருஷத்துத் தீர்த்தம் எந்த நாளில் வரும் என்று விரல் மடித்துச் சொல்லிவிடுவார். அப்படியிருக்க, அந்தத் திருவிழாவுக்காகவே திறக்கப்படும் காட்டுப்பாதையின் திகதி மட்டும் கடைசிக் கிழமைகள் வரை யாருக்கும் தெரியாத ஒன்றாக இருப்பது ஏன்? திருவிழா நெருங்கி வந்த பிறகு ஒரு கூட்டம் கூட வேண்டும், அந்தக் கூட்டத்தில் ஒரு திகதி பேசப்பட வேண்டும், அந்தத் திகதி வாட்ஸ்அப் குழுக்களில் நான்கு விதமாகச் சுற்ற வேண்டும், அதன் பிறகு அது மாறாமல் இருக்க வேண்டும் என்று நாம் நேர்ந்துகொள்ள வேண்டும். இதுதான் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது.

கதவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உகந்தையில் தொடங்கும் குமன வனப்பூங்காவையும் அதற்கப்பால் யாலவையும் யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் காடாகவே வைத்திருக்க வேண்டும்; ஆயிரக்கணக்கான அடியார்கள் கோடை வெயிலில் அதற்குள் போவதென்றால் தண்ணீர்த் தாங்கி, வைத்திய உதவி, பதிவு, பொலித்தீன் தடை எல்லாம் இருந்தே ஆக வேண்டும். உகந்தை அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது, கதிர்காமம் மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது, ஆகவே பல தரப்பார் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் பாதை திறக்க முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பேச்சைத் தை மாதத்தில் பேசினால் என்ன குறைந்துவிடும்? காடு தை மாதத்திலும் அங்கேதான் இருக்கிறது, திருவிழாத் திகதியும் அப்போதே கையில் இருக்கிறது. பாதை திறந்திருப்பதே ஏறத்தாழ இரண்டு கிழமைகள். அந்த இரண்டு கிழமைக்குள் விழ வேண்டிய ஒரு பயணத்தை, அந்த இரண்டு கிழமை எது என்று தெரியாமல், ஒரு சம்பளக்காரன் எப்படித் திட்டமிடுவது?

சென்ற முறை எனக்கும் என் பெரியம்மாவுக்கும் நேர்ந்ததைச் சொன்னால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

பெரியம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருக்கிறார், வயது அறுபத்தாறு. குமன வனப்பூங்கா போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தபோது அவருடைய நல்ல வயதெல்லாம் கழிந்துவிட்டது. காட்டு வழி அவருக்கு நெடுங்காலம் கேட்டு மட்டும் அறிந்த பாதை. உடம்பில் தெம்பு இருக்கும்போது ஒரு தடவையாவது நடந்துவிட வேண்டும் என்று என்னைத் துணைக்குக் கேட்டார். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். எனக்குக் கிடைத்தது எட்டு நாள் விடுமுறை: போய்ச் சேர ஒரு நாள், காட்டில் ஐந்து நாள், கதிர்காமத்தில் ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள். ஒரு நாள்கூட உபரி இல்லாத கணக்கு. பாதை திறக்கும் திகதி வெளியானதும் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன், கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் இரவுப் புகையிரதத்தில் இடம் தேடினேன். முன்பதிவு 30 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும். நமக்கோ அப்போது திகதியே தெரியாது. தெரிந்து போய்க் கேட்டபோது இருக்கை ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாம் வகுப்பில் நெரிசலோடு நெரிசலாக நின்றுகொண்டு விடியும்வரை போனேன். பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து மட்டக்களப்பில் எனக்காகக் காத்திருந்தார். அவருடைய கையில் இருந்த பையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே புகையிரதம் கிடையாது. களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஊர் ஊராக நின்று போகும் பஸ்ஸில் பொத்துவிலுக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அங்கிருந்து உகந்தைக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும், ஆனால் முழுப் பயணத்திலும் மனிதனை உருக்குலைப்பது அந்த முப்பது கிலோமீட்டர்தான். பாணமை வரை ஒரு சில பஸ்கள் ஓடுகின்றன, அவற்றின் நேரத்தைக் கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள். பாணமைக்கு அப்பால் கிறவல் வீதி. பாதயாத்திரை நடக்கும் மாதங்களும் அறுகம்குடாவில் அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டவர் குவியும் மாதங்களும் ஒன்றே என்பதால், தங்குமிடம் முதல் முச்சக்கர வண்டி வரை எல்லாவற்றுக்கும் அவர்களுக்குச் சொல்லும் விலையையே நமக்கும் சொல்கிறார்கள். உகந்தைக் கரையிலும் நல்ல அலை இருப்பதால் அந்த வழிக்கு வாடிக்கை குறைவதே இல்லை. கழுத்தில் உருத்திராக்கமும் கையில் வேலுமாக நின்ற ஒரு கிழவியிடம் அந்த விலையைச் சொன்ன இளைஞனை நான் திட்டவில்லை, அவனுக்கும் அது பிழைப்பு. ஒரு நாட்டின் மிகப் பழைய நடைகளில் ஒன்று தொடங்கும் இடத்துக்கு அந்த இரண்டு கிழமைக்காவது நேரம் குறித்த பஸ் இரண்டு விட எவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இத்தனைக்கும் நடை முடியும் கதிர்காமத்திலிருந்து திரும்புவதற்கு ஒரு குறையும் இல்லை. திசமகாராமைக்கும் கொழும்புக்கும் பஸ்கள் இருக்கின்றன, அதிவேக நெடுஞ்சாலையே மத்தள வரை வந்துவிட்டது. முடிவிடத்துக்கு இவ்வளவு வசதி செய்தவர்களுக்குத் தொடக்க இடம் மட்டும் கண்ணில் படவில்லை.

பொத்துவிலில் நின்றபோதுதான் அந்தச் செய்தி வந்தது. பாதை திறப்பது சில நாள்கள் பின்தள்ளப்பட்டிருக்கிறது. காரணமாக நான்கு பேர் நான்கு விதம் சொன்னார்கள், எது உண்மை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இரண்டு நாள் முன்னர் சொல்லியிருந்தால் பெரியம்மா பஸ் ஏறியிருக்கமாட்டார், நானும் விடுமுறையை மாற்றிக் கேட்டிருப்பேன். வடமராட்சியிலிருந்து நேர்த்தி வைத்து, மச்சம் விலக்கி, அத்தனை தூரம் வந்த மனுஷியிடம் திரும்பிப் போவோம் என்று எந்த வாயால் சொல்வது? உகந்தைக்கே போய் இருந்தோம்.

இப்போது அந்தப் பையைப் பற்றிச் சொல்கிறேன். காட்டுக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது என்று கேள்விப்பட்டு, பெரியம்மா தன் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்துச் சிறு சிறு துணிப் பைகள் தைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் வறுத்த அரிசிமா, குரக்கன் மா, சீனி, தேயிலை, ஒரு கிள்ளு உப்பு ஆகியவற்றை ஒரு நாளுக்கு உரிய அளவில் முடிந்து, முடிச்சுக்குக் கீழே ஊதா நூலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை இலக்கம் தைத்திருந்தார். பாதை திறந்த பிறகு உகந்தையில் அன்னதானத்துக்குக் குறைவிருக்காது. திறப்பதற்கு முன் வந்துவிட்டவர்களுக்கு அப்படி இல்லை. முதல் நாள் எங்களிடம் இருந்த பாணையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டோம். இரண்டாம் நாள் மாலை, கோவிலுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருக்க, மரநிழலில் உட்கார்ந்து பெரியம்மா ஒன்றாம் இலக்கப் பையை அவிழ்த்தார். காட்டில் வைக்க வேண்டிய முதல் அடியை வைக்கும் முன்பே காட்டுக்கான முதல் நாள் உணவு முடிந்துபோயிற்று. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நூலை மட்டும் வீணாக்காமல் விரலில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

என் எட்டு நாள் கணக்கில் மூன்று நாள் உகந்தையிலேயே கரைந்துவிட்டது. கதவு திறந்த காலையில் என்னால் உள்ளே போக முடியவில்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குழுவில் இரண்டு அம்மாமார் இருந்தார்கள், அவர்களோடு பெரியம்மாவைச் சேர்த்துவிட்டேன். "நீ போட்டு வா ராசா, உன்ர வேலை முக்கியம், முருகன் இருக்கிறான்தானே" என்று எனக்கு அவர் ஆறுதல் சொன்னார். துணைக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். "அரோகரா" என்ற சத்தத்தோடு அந்தக் கூட்டம் உள்ளே நகர்ந்தபோது, பதிவுத் துண்டைக் கையில் பிடித்தபடி அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் எதிர்ப்பக்கமாகப் பாணமைக்கு நடந்தேன்.

இதை யாரிடமாவது சொன்னால், முருகன் கூப்பிட்டால் வழி தானாகப் பிறக்கும், பக்தனுக்குத் திகதி எதற்கு என்று சொல்கிறார்கள். இந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன். முருகன் கூப்பிட்டதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விடுமுறைப் படிவத்தில் திகதி எழுதாமல் எந்த நிறுவனமும் எவரையும் விடுவதில்லை. கனடாவில் இருக்கும் என் மச்சாள் ஆறு மாதத்துக்கு முன்னரே விமானச்சீட்டு வாங்கினால்தான் அவரால் வர முடியும், அவர் வாங்கிய திகதி பாதை திறந்திருக்கும் நாள்களில் விழுமா என்பதை ஆறு மாதத்துக்கு முன் சொல்ல ஒருவரும் இல்லை. தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து புறப்பட்டு ஒன்றரை மாதத்துக்கு மேல் கால்நடையாகவே வரும் அடியார்களுக்கு விடுமுறையும் விமானமும் இல்லைதான். ஆனால் அவர்களும் ஒவ்வொரு கோவிலிலும் எத்தனை இரவு தங்குவது என்பதை உகந்தைத் திகதியைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். முன்னே வந்துவிட்டால் வெட்டவெளியில் கிடக்க வேண்டும், பிந்திவிட்டால் கதவு மூடிவிடும். எழுபது வயதில் வட்டாப்பளையும் வெருகலும் தாண்டி நடந்து வந்த ஒருவருக்குக் கடைசியில் மூடிய கதவைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. 2025இல் பாதை திறந்தது ஜூன் 20ஆம் திகதி, அதாவது கொடியேற்றத்துக்கு ஆறு நாள் முன்னர். அந்த ஆறு நாள் என்பதையே, அல்லது ஏழு, எட்டு என்று எந்த எண்ணையாவது, மாறாத விதியாக வைத்துவிடுங்கள். அதன் பிறகு எந்தக் கூட்டமும் கூடாமலே அடுத்த பத்து வருஷத் திகதிகளை நாங்களே பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்வோம். மழையாலோ தீயாலோ பாதையை மாற்ற நேர்ந்தால் ஒரே இடத்திலிருந்து, ஒரே அறிவிப்பாக, தமிழிலும் சிங்களத்திலும் காரணத்தோடு சொல்லுங்கள். திறப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்தே உகந்தையில் குடிதண்ணீரும் கூரையும் இருக்கட்டும். பொத்துவிலிலிருந்து உகந்தைக்குக் காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று என இரண்டு பஸ் போதும், நேரத்தைப் பலகையில் எழுதி பஸ் நிலையத்தில் மாட்டிவிடுங்கள்.

பெரியம்மா ஐந்தாம் நாள் கதிர்காமத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். குரல் அடைத்திருந்தது. கட்டகாமத்தில் யாரோ கஞ்சி கொடுத்தார்கள், மாணிக்க கங்கையில் தலை முழுகியாயிற்று, உனக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன் என்றார். வரும் வருஷம் நான் கட்டாயம் கூட வர வேண்டும் என்று அப்போதே கேட்டுக்கொண்டார். சென்ற கிழமை மறுபடியும் பேசினார், புதிய பைகள் தைத்துவிட்டாராம், இந்த முறை எட்டு. "தம்பி, கதவு எப்ப திறக்கினமாம்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் ஒரு திகதி இல்லை.