பரிந்துரைப் பட்டியல் மட்டும் போதாது
புதிய இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) குழுக்களைக் கண்டுபிடிக்க மியூசிக் ஆப் தரும் பரிந்துரையே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே கேட்டதைப் போன்ற இன்னொன்றைத்தான் அது பெரும்பாலும் நீட்டும். பிபிசி ரேடியோ 1-ல் 1967 முதல் 2004-ல் இறக்கும் வரை நிகழ்ச்சி நடத்திய தொகுப்பாளர் ஜான் பீல், பெயர் தெரியாத பையன்கள் அனுப்பிய டேப்புகளையும் கேட்டார். 1978-ல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து அண்டர்டோன்ஸ் குழுவின் பாட்டு பிடித்துப்போய், அடுத்தடுத்து இரண்டு தடவை ஒலிபரப்பினார்! எந்த அல்காரிதம் அதைச் செய்யும்?

இப்போது நான் சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி வானொலி யூடியூபில் போடும், குழுக்கள் நேரடியாக வாசிக்கும் வீடியோக்களைப் பார்க்கிறேன். பின்னால் மினுக்கும் விளக்குச் சரங்கள், கிட்டார்க்காரர் பெடலை மிதிப்பதுகூடத் தெரியும். பிடித்துவிட்டால் அப்புறம், குழுக்களே தங்கள் பாட்டுகளை விற்கும் பேண்ட்கேம்ப் தளம்தான். அங்கே அதே ஆல்பத்தை வாங்கியவர்களின் சேகரிப்பையும் திறந்து பார்க்கலாம். எனக்குப் புதுக் குழுக்கள் அதிகம் கிடைத்தது அப்படித்தான்.