டாம் டூலியைத் தெரியும், லாராவை?

1958-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு 'டாம் டூலி'. கிங்ஸ்டன் ட்ரையோ என்ற மூன்று இளைஞர்கள் பாடியது. தலையைத் தொங்கப்போட்டு அழு, விடிந்தால் உனக்குத் தூக்கு என்று ஒருவனைப் பார்த்துப் பாடுவார்கள். கேட்கிற யாருக்கும் அவன்மேல் இரக்கம் வந்துவிடும். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

நடந்தது வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில். உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம், 1866 மே மாதம், லாரா ஃபாஸ்டர் என்ற இளம்பெண் அப்பாவின் குதிரையில் ஏறிப் போனாள், திரும்பவில்லை. சில மாதம் கழித்து, ஆழமில்லாத ஒரு குழியிலிருந்து கத்திக்குத்துப் பட்ட உடலை எடுத்தார்கள். அவளோடு பழகிவந்தவன் டாம் டூலா (பாட்டில் வரும் டூலி இவன்தான்), தென்மாநிலப் படையிலிருந்து திரும்பிய சிப்பாய். லாராவின் உறவுக்காரியான ஆன் மெல்டனோடும் அவனுக்குத் தொடர்பு, அவளோ மணமானவள். முன்னாள் கவர்னர் ஜெபுலன் வான்ஸே வாதாடியும் இரண்டு விசாரணையிலும் குற்றவாளி என்றுதான் தீர்ப்பு. 1868 மே 1, ஸ்டேட்ஸ்வில்லில் தூக்கு. கொலையில் தன்னைத் தவிர யாருக்கும் பங்கில்லை என்று கடைசியில் எழுதிக்கொடுத்தான். ஆன் விடுதலையானாள். (அந்த ஊர்க்காரர்கள் இதை முழுசாக நம்பியதில்லை.)

இப்போது அந்த ஹிட் பாட்டைக் கேளுங்கள். லாராவின் பெயரே கிடையாது, வெறும் 'அவள்'. ஆன் இருந்த சுவடே இல்லை. கிரேசன் பாடுதான் இன்னும் மோசம். டென்னசிக்குத் தப்பி ஓடிய டாம், பொய்ப்பெயர் சொல்லி ஜேம்ஸ் கிரேசனின் பண்ணையில் சில நாள் கூலிவேலை பார்த்தான். தேடி வந்தவர்களோடு போய் அவனைப் பிடித்துக்கொடுத்தவர் கிரேசன். லாராவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாட்டுக்கு முன்னால் வரும் பேச்சோ அவரை முக்கோணக் காதலில் மூன்றாம் ஆளாக்கிவிட்டது!

இந்தப் பாட்டை முதலில் பாடிவந்த அந்தப் பக்கத்து மலைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1938-ல் இந்தப் பாட்டை, நாட்டுப்பாட்டு சேகரித்துவந்த ஃபிராங்க் வார்னரிடம் பாடிக்காட்டிய ஃபிராங்க் ப்ராஃபிட்டின் பாட்டிக்கு டாமையும் லாராவையும் நேரிலேயே தெரியும். அப்படிப்பட்ட ஊரில் பெயர் சொல்லித்தான் பாட வேண்டுமா என்ன? பாட்டு நகரத்துக்கு வந்த பிறகுதான் அதிலிருந்து லாரா காணாமல் போனாள். 1959-ல் முதல் கிராமி விருது விழா. நாட்டுப்பாட்டுக்கென்று அப்போது தனிப் பிரிவு இல்லாததால் 'கன்ட்ரி' என்ற இசைவகைக்கான விருதையே இதற்குக் கொடுத்தார்கள். புகையிலை விவசாயி ப்ராஃபிட்டுக்கு ராயல்டியில் பங்கு கிடைத்ததே வெகு தாமதமாகத்தான்.

பாட்டை மாற்றச் சொல்லவில்லை, மெட்டு எனக்கும் பிடிக்கும். மேடையில் பாடுகிறவர்கள் முன்பேச்சில் கிரேசனை விட்டுவிட்டு லாரா ஃபாஸ்டர் என்று ஒருமுறை சொல்லட்டும். அதற்குப் பத்து நொடிகூட ஆகாது.